புக்ஸ்டஹூடேயின் பாஸக்கலியா இரண்டு ஒலிப்பதிவுகளில் இருவேறாக ஒலிப்பது ஏன்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 17ஆம் நூற்றாண்டு ஆர்கன் இசையமைப்பாளர் டீட்ரிக் புக்ஸ்டஹூடேயின் டி மைனர் பாஸக்கலியாவை, அதாவது ஒரே அடிச் சொற்றொடர் திரும்பத் திரும்ப வர, அதன்மேல் இசை மாறிக்கொண்டே போகும் படைப்பை, இரண்டு பதிவுகளில் கேட்டிருக்கிறீர்கள். முதல் பதிவில் ஒவ்வொரு விரலசைவும் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் தேவாலயம் இருப்பதாகவே தெரியவில்லை. இரண்டாவது பதிவு பரந்து விரிந்து ஒலித்தாலும் இடையிடையே கலங்குகிறது. முதலாவதைவிட ஒரு முழு ஸ்வரம் மேலேயும் இருக்கிறது. உருப்படிகளுக்கு இடையிலான மௌனத்தில் மெல்லிய இரைச்சலும் கேட்கிறது. இவற்றில் எது சரியான பதிவு, இரைச்சல் ஒரு குறையா, ஆர்கன் இசையை உண்மையில் எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்பவை உங்கள் கேள்விகள். வட ஜெர்மனியில் ஆர்கன் ஒலிப்பதிவுக் குழுக்களோடு சில ஆண்டுகள் கேபிள் இழுத்தும், ஸ்டாப் என்னும் ஆர்கன் கைப்பிடிகளை இழுத்தும், பின்னர் மைக் வைத்தும் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். என் பதிலின் சாரத்தை முன்கூட்டியே சொல்வதென்றால், இந்த இசையில் இடம் என்பது இசையின் இலக்கணத்தைச் சேர்ந்தது. ஆகவே மைக் எங்கே நிற்கிறது என்பது ஒலியின் அழகைப் பற்றிய கேள்வியாக மட்டும் நின்றுவிடாமல், இசையமைப்பாளர் எழுதியது கேட்பவரின் காதில் வந்து சேருமா என்ற கேள்வியாகவே ஆகிவிடுகிறது.

சுருதி வேறுபாடு எளிதில் விளங்கக்கூடியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் இரண்டாவது பதிவு வேகமாக ஓடுகிறதோ என்று ஐயப்பட வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் வட ஜெர்மன் தேவாலயங்களின் ஆர்கன்கள் இன்றைய 440 ஹெர்ட்ஸ் சுருதிக்கு மேலே கட்டப்பட்டன. ஆர்ப் ஷ்னிட்கர் 1689 முதல் 1693 வரை ஹாம்பர்க் புனித யாக்கோபு தேவாலயத்தில் கட்டிய ஆர்கனில் 'ஏ' ஸ்வரம் ஏறத்தாழ 495 ஹெர்ட்ஸ்; அதாவது இன்றைய கணக்கில் ஒரு முழு ஸ்வரம் மேலே. டி மைனரில் எழுதிய பாஸக்கலியா அங்கே வாசிக்கப்படும்போது நம் காதுக்கு இ மைனராகவே கேட்கும். இத்தகைய பழைய ஆர்கன் ஒன்றில்தான் உங்கள் இரண்டாவது பதிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். முதலாவது, இன்றைய சுருதியில் அமைந்த ஒரு புதிய ஆர்கனாக இருக்கலாம்.

சுருதியைவிட முக்கியமானது ஸ்வரங்களுக்கு இடையிலான பங்கீடு. அக்காலத்து வட ஜெர்மன் ஆர்கன்களில் பெரும்பாலும் மீன்டோன் என்ற பங்கீடோ, அதைச் சற்றுத் தளர்த்திய வகைகளோ இருந்தன. இதில் மேஜர் கார்ட்டின், அதாவது மூன்று ஸ்வரங்கள் ஒருங்கே ஒலிக்கும் கட்டின், மூன்றாம் ஸ்வரம் அலைவின்றித் தூய்மையாக நிற்கும். தம்பூராவின் மந்தர ஷட்ஜத் தந்தியில் யாரும் மீட்டாமலே அந்தர காந்தாரம் எழுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தத் தூய்மை உடனே பிடிபடும். அதற்குக் கொடுக்கும் விலை, அந்தப் பங்கீட்டின் மையத்திலிருந்து தொலைவில் இருக்கும் சுருதிகளில் கார்டுகள் கசப்பாக ஒலிப்பதுதான். புக்ஸ்டஹூடேயின் எஃப் ஷார்ப் மைனர் பிரலூடியம் என்ற ஆர்கன் படைப்பைக் கண்டிப்பான மீன்டோனில் வாசித்தால் சில இடங்கள் காதை அறுக்கும். ஆகவே அவர் தம் ஆர்கனை எப்படிச் சுருதி சேர்த்திருந்தார் என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்றும் ஓயவில்லை. பாஸக்கலியாவுக்கு இந்தச் சிக்கல் குறைவு. பெடலில், அதாவது காலால் வாசிக்கும் கட்டைகளில், 28 முறை திரும்பி வரும் அந்தச் சொற்றொடர், ஏழு ஏழாக டி மைனர், எஃப் மேஜர், ஏ மைனர், மீண்டும் டி மைனர் என்று நான்கு அறைகளுக்குள் நடந்து போகிறது. எல்லாமே பழைய பங்கீட்டுக்கு இணக்கமான சுருதிகள். எஃப் மேஜர் பகுதி தொடங்கும்போது பழைய ஆர்கனில் திடீரென்று வெளிச்சம் பரவுவதுபோல் ஓர் உணர்வு எழும். அரை ஸ்வரங்கள் எல்லாவற்றையும் சமமாக வைக்கும் இன்றைய சமப் பங்கீட்டில் அது பாதிகூடக் கிடைப்பதில்லை என்பது என் கருத்து.

அவர் வாசித்த ஆர்கனிலேயே ஏன் பதிவு செய்வதில்லை என்று கேட்பீர்கள். அந்த ஆர்கன் இன்று இல்லை. 1637 வாக்கில் டென்மார்க் அரசின் ஆட்சிப் பகுதியில் பிறந்து, ஹெல்சிங்போர்க்கிலும் ஹெல்சிங்கோரிலும் பணியாற்றி, 1668இல் லூபெக் நகரின் புனித மரியாள் தேவாலயத்துக்கு வந்து, 1707இல் இறக்கும்வரை அங்கேயே இருந்த அவரிடம் இரண்டு ஆர்கன்கள் இருந்தன. பெரிய ஆர்கன் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மாற்றப்பட்டது. அதன் பழைய முகப்பும், பக்கத்து மண்டபத்தில் இருந்த சிறிய 'மரண நடன' ஆர்கனும், 1942 மார்ச் 28, 29 தேதிகளின் இடைப்பட்ட இரவில் நடந்த விமானக் குண்டுவீச்சில் எரிந்து போயின. இருபது வயது யோஹான் செபாஸ்டியன் பாக், ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்து, நான்கு வார விடுப்பை ஏறத்தாழ நான்கு மாதங்களாக நீட்டிக்கொண்டு கேட்ட ஒலி அது. அதே நகரின் யாக்கோபு தேவாலயத்தில் ஃப்ரீட்ரிக் ஷ்டெல்வாகன் 1637இல் விரிவாக்கிய சிறிய ஆர்கன் தப்பிப் பிழைத்திருப்பது பெரும் பேறு. மற்றபடி, புக்ஸ்டஹூடேயைப் பதிவு செய்யப் போகும் எவரும் முதலில் செய்ய வேண்டியது, இல்லாமற்போன ஓர் ஒலிக்கு நெருங்கிய உறவினரைத் தேடி ஊர் ஊராக அலைவதுதான். ஹாம்பர்க், ஷ்டாட, நோர்டன், காப்பெல் என்று வட கடற்கரையோரம் முழுவதும் அந்த உறவினர்கள் இருக்கிறார்கள்.

இசைப் பிரதியும் நமக்கு அதிகம் உதவுவதில்லை. அவர் கையால் எழுதிய இத்தகைய ஆர்கன் படைப்பு எதுவும் கிடைக்கவில்லை. இந்தப் பாஸக்கலியாவே, பாகின் அண்ணன் யோஹான் கிறிஸ்டோஃப் பாக் படியெடுத்து வைத்த ஒரு தொகுப்பின் வழியாகத்தான் பிழைத்தது. எந்தப் பகுதியை எந்த விசைப்பலகையில், எந்த ஸ்டாப்புகளோடு வாசிப்பது என்ற குறிப்பு அதில் இல்லை. ஸ்டாப் என்பது ஒரே குரல்வண்ணம் கொண்ட ஒரு குழாய் வரிசையைத் திறக்கும் கைப்பிடி. ஹாம்பர்க் யாக்கோபு ஆர்கனில் இத்தகையவை 60, குழாய்கள் ஏறத்தாழ 4,000. ஆகவே வாசிப்பவரின் தேர்வே பாதி இசை.

இனி மைக்குக்கு வருகிறேன். வட ஜெர்மன் ஆர்கன் பல சிறிய ஆர்கன்களின் கூட்டம் என்று எண்ணிக்கொண்டால் புரிவது எளிது. மேற்கு மாடத்தில் நடுவே உயர்ந்து நிற்பது ஹாப்ட்வெர்க் என்னும் முதன்மைப் பிரிவு. வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால், மாடத்தின் கைப்பிடிச் சுவரில் தனிப் பேழையாகத் தொங்குவது ரூக்பொசிட்டீஃப். இரு ஓரங்களிலும் பெடல் கோபுரங்கள். புக்ஸ்டஹூடேயின் இசையில் ஒரு சொற்றொடர் ஹாப்ட்வெர்க்கில் கேள்வியாக எழும். அதன் மறுமொழி ரூக்பொசிட்டீஃபிலிருந்து, அதாவது கேட்பவருக்குச் சில மீட்டர் அருகிலிருந்து வரும். இந்த முன்னும் பின்னுமான உரையாடலை மனத்தில் வைத்தே அந்த வாத்தியங்கள் கட்டப்பட்டன.

இப்போது ஒரு கணக்கு. மைக்கைக் கைப்பிடிச் சுவருக்கு எதிரே 3 மீட்டர் தொலைவில் வைத்தால், அதிலிருந்து ஹாப்ட்வெர்க் ஏறத்தாழ 7 மீட்டரில் இருக்கும். தொலைவு கூடக்கூட நேரடி ஒலி தணியும் விதிப்படி, ரூக்பொசிட்டீஃப் ஏழு டெசிபல் அளவுக்கு ஓங்கிக் கேட்கும். சிறிய பேழை பெரிய பேழையை அடக்கிவிடும். அதே மைக்கை 10 மீட்டருக்குப் பின்னால் நகர்த்தினால் வேறுபாடு மூன்று டெசிபலுக்குக் குறைந்து, இரண்டும் சரியான உறவில் நிற்கும். ஆனால் அதற்குள் தேவாலயத்தின் முழக்கம், அதாவது சுவர்களில் பட்டுத் திரும்பி நீளும் ஒலி, நேரடி ஒலியை எட்டிப் பிடித்திருக்கும். இன்னும் பின்னால் போனால் விரைவான பதினாறாம் பாக ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கரைந்துவிடும். உங்கள் முதல் பதிவில் தேவாலயம் காணாமற்போனதும், இரண்டாவதில் கலங்கல் வந்ததும் இந்த ஒரே அச்சில் இரண்டு வெவ்வேறு புள்ளிகள். எல்லாத் தேவாலயத்துக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. மைக் தாங்கியை உயர்த்தி, நான்கு, ஆறு, எட்டு மீட்டர் உயரங்களில் ஒவ்வொன்றாகச் சில நிமிடங்கள் வாசிக்கச் செய்து, கேட்டு, அரை மீட்டர் முன்னே, அரை மீட்டர் பின்னே என்று நகர்த்தி, முதல் மாலை முழுவதையும் அதற்கே செலவிடும் குழுவைத்தான் நான் நம்புவேன்.

அடி ஸ்வரங்கள் தனிப் பாடம். பெடலின் 16 அடி வரிசையில் கடைசிக் குழாய், இன்றைய சுருதியில், நொடிக்கு ஏறத்தாழ 33 அதிர்வுகள் தரும். அதன் அலைநீளம் பத்து மீட்டருக்கு மேல். இத்தகைய அலைகள் சுவர்களுக்கிடையே நிலைகொண்டு, ஓரிடத்தில் நெஞ்சை அதிர வைத்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றால் மறைந்துவிடும். பாஸக்கலியாவின் உயிரே பெடலில் இருப்பதால், 28 முறையும் அந்தச் சொற்றொடரின் எல்லா ஸ்வரங்களும் சம எடையோடு கேட்கும் இடத்தைத் தேடி நடுமண்டபத்தில் நடந்து பார்க்காமல் மைக் வைக்கக் கூடாது. ஒரு திசையை மட்டும் நோக்கும் மைக்குகள் தொலைவிலிருந்து வரும் அடியொலியை மெலிதாக்கிவிடுவதால், எல்லாத் திசையிலிருந்தும் வாங்கும் ஆம்னி மைக் இரண்டை இடைவெளிவிட்டு வைப்பதே ஆர்கனுக்கு வழக்கம். பெடல் குழாய்கள் பொதுவாக ஒன்றுவிட்டு ஒன்றாக இடக் கோபுரத்துக்கும் வலக் கோபுரத்துக்கும் பிரித்து நிறுத்தப்பட்டிருக்கும். சொற்றொடரின் முதல் ஸ்வரமான டி ஒரு கோபுரத்தில் பேசினால், அடுத்து வரும் ஏ எதிர்க் கோபுரத்தில் பேசும். நெருங்கி வைத்த மைக்கில் பெடல் இடமும் வலமுமாகத் தாவும். சற்றுத் தள்ளிப் போனால் அது ஒருவரே நிதானமாக நடப்பதுபோல் ஆகிவிடும். இரண்டாவதே இந்த இசைக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

நோர்டன் நகரின் லுட்கேரி தேவாலயத்தில் இந்த வழிகாட்டுதல்கள் எதுவும் அப்படியே செல்லாது. அங்கே ஷ்னிட்கர் தம் ஆர்கனை ஒரு பெருந்தூணைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். பேழையின் ஒரு பகுதி பலிபீடப் பக்கம் பேச, மற்றவை நடுமண்டபத்தின் பக்கம் பேச, பெடலுக்கு ஒரே கோபுரம்தான். எல்லாப் பிரிவுகளையும் ஒரே நேரத்தில் நேருக்கு நேர் கேட்கும் இருக்கை அந்தத் தேவாலயத்திலேயே இல்லை என்னும்போது, மைக்குக்கு மட்டும் எங்கே இருக்கப் போகிறது?

பதிவு பெரும்பாலும் இரவில்தான் நடக்கும், வண்டிச் சத்தம் அடங்கிய பின். கோபுரக் கடிகாரத்தை நிறுத்தச் சொல்லி அனுமதி வாங்கியிருப்போம். கால்மணிக்கு ஒருமுறை அடிக்கும் மணி எந்த டேக்கையும், அதாவது ஒரே மூச்சில் வாசித்துப் பதியும் எதையும், விட்டுவைக்காது. ஸ்டாப் இழுக்க இருபுறமும் நிற்பவர்கள் காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நிற்பார்கள். மாடத்துப் பலகை எது எந்த இடத்தில் முனகும் என்பது முதல் இரவிலேயே மனப்பாடமாகிவிடும். கடைசிக் கார்டில் விரல் எடுத்த பிறகு ஒருவரும் அசையக் கூடாது. ஒலி கூரைக்கு ஏறி, தூண்களுக்கிடையே சுற்றி, நான்கைந்து நொடிகளில் இல்லாமற்போகும்வரை மூச்சைக்கூட அடக்கித்தான் விடுவோம். இந்த இசையின் மௌனங்கள் அந்த முழக்கத்துக்காகவே விடப்பட்டவை. பிரலூடியங்களில் ஒரு ஓட்டம் சட்டென நின்று, ஓர் இடைவெளிக்குப் பின் வேறு மனநிலையில் இன்னொன்று பிறக்கும்போது, அந்த இடைவெளியில் வாசிப்பது கட்டடம்தான். முழக்கம் எவ்வளவு நீளமோ அதற்கேற்பக் காலப்பிரமாணத்தையும் விரல் விடுப்பையும் மாற்றிக்கொள்வதே நல்ல ஆர்கனிஸ்ட்டின் அடையாளம். ரூக்பொசிட்டீஃபை முதுகில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் அவருக்குக் கீழே என்ன கேட்கிறது என்பது தெரியாது. ஆகவே ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சுழற்படியில் இறங்கி வந்து, ஹெட்ஃபோனில் கேட்டு, மிக்ஸ்சர் என்னும் கூர்மையான ஸ்டாப் ஒன்றைக் குறைத்துவிட்டு மறுபடி ஏறிப் போவார். ஓர் இரவில் பத்துப் பன்னிரண்டு முறை அந்தப் படிகளில் ஏறி இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெட்டி ஒட்டும் எடிட்டிங் வேலையில் ஆர்கன் இரண்டு விதங்களில் கடினமானது. முதலாவது, எந்த இடத்தில் ஒட்டினாலும் முந்தைய கார்டின் முழக்கம் அடுத்ததன் கீழே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே தவறிய இடத்தை மட்டும் திரும்ப வாசித்தால் போதாது, சில தாளக்கட்டுகள் முன்னாலிருந்தே தொடங்க வேண்டும். இரண்டாவது வெப்பநிலை. காற்று சூடாகும்போது அதில் ஒலியின் வேகம் கூடுவதால், உதட்டு வகைக் குழாய்கள் ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ மூன்று சென்ட் வீதம் சுருதி ஏறும். அரை ஸ்வரத்துக்கு நூறு சென்ட். நாக்கு வகைக் குழாய்களில் சுருதியைப் பெரிதும் நிர்ணயிப்பது பித்தளை நாக்கு என்பதால் அவை அவ்வளவு அசைவதில்லை. முடிவில் ஒரே ஆர்கனுக்குள் இரு கட்சிகள் உருவாகிவிடும். ஒரு கிராமத்துத் தேவாலயத்தில், ஞாயிறு வழிபாட்டுக்காகத் தானியங்கியில் வைத்திருந்த வெப்பமூட்டி நள்ளிரவில் யாருக்கும் தெரியாமல் இயங்கத் தொடங்கியது. மாலையில் 11 பாகை. அதிகாலை இரண்டு மணிக்கு 17. பாஸக்கலியாவின் கடைசி ஏழு சுற்றுகள் மிக அழகாக அமைந்திருந்தன, ஆனால் மாலையில் எடுத்த முதல் மூன்று பகுதிகளோடு ஒட்டிப் பார்த்தபோது பதினெட்டு சென்ட் இடைவெளி சுவரில் விழுந்த விரிசல்போல் தெரிந்தது. மென்பொருளில் இழுத்துச் சரிசெய்யலாம் என்று ஒருவர் சொன்னார். நாக்குக் குழாய்கள் அசையாத அளவுக்கு மற்றவற்றை மட்டும் இழுக்க எந்த மென்பொருளாலும் இயலாது. மறுநாள் இரவு முழுவதையும் முதலிலிருந்து வாசித்தார் அந்த ஆர்கனிஸ்ட். அன்று முதல், மைக் பையோடு ஒரு வெப்பமானியும் நான் எடுத்துப் போகாத நாள் இல்லை.

பழைய பதிவுகளைப் பற்றியும் ஒரு சொல். போருக்குப் பின் 1947இல், லூபெக் யாக்கோபு தேவாலயத்தின் அந்தச் சிறிய ஆர்கனில் ஹெல்முட் வால்கா பாகின் இசையைப் பதிவு செய்யத் தொடங்கினார். பதின்பருவத்திலேயே பார்வையை இழந்த அவர், ஒவ்வொரு குரல்வரிசையையும் பிறர் தனித்தனியாக வாசிக்கக் கேட்டு, மனத்துக்குள் ஒன்றுசேர்த்துப் பயின்றவர். ஒற்றைத் தடப் பதிவான அவற்றில் இடமும் வலமும் இல்லை. ஆனால் குரல்வரிசைகள் ஒன்றையொன்று மறைக்காமல் நடப்பதை இன்றைய பல பதிவுகளில் காண முடிவதில்லை. அவர் காப்பெல் கிராமத்து ஷ்னிட்கர் ஆர்கனில் பிற்காலத்தில் பதிவு செய்த, பாகுக்கு முந்தையவர்களின் இசையில் புக்ஸ்டஹூடேயும் உண்டு. கிடைத்தால் அவசியம் கேளுங்கள்.

எது சரி என்ற கேள்விக்கு என் விடை இரண்டாவது பதிவு. கலங்கலைப் பொறுத்துக்கொண்டு, ஒலியைச் சற்றுக் கூட்டி, ஒலிபெருக்கிகளைச் சுவரிலிருந்து தள்ளி வைத்துக் கேளுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் முழக்கம் தலைக்குள்ளேயே சுருண்டுவிடும், அறையில் கேட்டால் அது தன் இடத்துக்குப் போய்விடும். ஏ மைனர் பகுதி தொடங்கும்போது வாசிப்பவர் விசைப்பலகை மாற்றுகிறாரா, ஒலி முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்று கவனியுங்கள். அது கேட்டுவிட்டால் மைக் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது.

அந்த மெல்லிய இரைச்சல் குறை இல்லை. துருத்திக்குக் காற்றூட்டும் மின்விசிறியும், ஆயிரக்கணக்கான குழாய்களின் அடியில் காத்திருக்கும் காற்றும் சேர்ந்த ஒலி அது. அதை நீக்கும் மென்பொருள் முழக்கத்தின் கடைசி நூலிழையையும் சேர்த்தே அறுத்துவிடும் என்பதால் நல்ல குழுக்கள் அதைத் தொடுவதில்லை. இரவின் முடிவில், எல்லா டேக்கும் முடிந்து, ஆர்கனிஸ்ட் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, காற்று மட்டும் ஓடும் தேவாலயத்தை இரண்டு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்வோம். உருப்படிகளுக்கு இடையே நீங்கள் கேட்டது அந்த இரண்டு நிமிடத்தின் ஒரு துண்டு.